"சும்மா தண்ணி ஆவிதானே?" - மின்சிகரெட் சூடாகும்போது உள்ளே என்ன உருவாகிறது?

புளோக்குக்குக் கீழே நாலு நண்பர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவர் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒன்றை எடுக்கிறார். பார்த்தால் ஹைலைட்டர் பேனா மாதிரி. இழுத்து விட்டதும் மாம்பழ வாசனை. உங்கள் பக்கம் நீட்டி, "சிகரெட் இல்லடா, சும்மா தண்ணி ஆவிதான்" என்கிறார்.

அந்த ஒரு வரி சரியா, தவறா என்பதைத்தான் பார்க்கப்போகிறோம். மின்சிகரெட் சிங்கப்பூரில் சட்டவிரோதம் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. அதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். முதலில் அந்தப் பேனாவுக்குள் நடக்கும் வேதியியல். பயப்படாதீங்க, சாதாரண நிலைத் தேர்வு அளவுக்குக்கூடப் போகாது.

தண்ணீர் ஆவி இல்லை என்றால், அது என்ன?

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போது வரும் ஆவியைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு முழம் தள்ளிப் போனதுமே காணாமல் போய்விடும். மின்சிகரெட் புகை அப்படி உடனே மறைவதில்லை. காற்றில் கொஞ்ச நேரம் தொங்கும். காரணம், அது நீராவி அல்ல. மிக நுண்ணிய திரவத் துளிகள் மிதக்கும் மூட்டம். கலைநிகழ்ச்சி மேடையில் வெள்ளையாகப் புகை விடுவார்களே, அந்த இயந்திரத்தில் ஊற்றும் திரவத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

வழக்கமான மின்சிகரெட் திரவத்தில் நான்கு பொருள்கள் இருக்கும். புரொப்பிலீன் கிளைகோல், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள். பெரும்பாலும் கொஞ்சம் இனிப்பும் சேர்ப்பார்கள். முதல் இரண்டும்தான் அந்தப் புகை மூட்டத்தை உண்டாக்குபவை. கேக், பற்பசை, இருமல் மருந்து என்று நாம் அன்றாடம் தொடும் பொருள்களிலும் அவை இருக்கின்றன.

விற்பவர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். "எல்லாமே சாப்பாட்டுல சேர்க்கிற பொருள்தான்." பொய்யில்லை. ஆனால் அந்த வாதத்தில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, நீங்கள் அதைச் சாப்பிடவில்லை, மூச்சில் இழுக்கிறீர்கள். இரண்டு, இழுப்பதற்கு முன் அது சூடாக்கப்படுகிறது. சூடாகும்போது கொஞ்சம் வேறு பொருளாக மாறுகிறது.

இந்த இரண்டாவது ஓட்டையைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. பெட்டியில் அச்சிட்ட பட்டியல் உள்ளே ஊற்றியது என்ன என்பதை மட்டும்தான் சொல்லும். வெளியே வருவது என்ன என்பதைச் சொல்லாது.

இதில் ஒரு வேடிக்கை. இன்றைய மின்சிகரெட்டை உருவாக்கியவராகச் சொல்லப்படும் சீன மருந்தாளர் ஹோன் லிக், 2003ஆம் ஆண்டு வாக்கில் யோசித்த முதல் வடிவத்தில் திரவத்தை உடைத்துத் துளியாக்கியது மின்னணு அதிர்வு. சூடான கம்பி பிறகு வந்தது. செய்வதற்குச் சுலபம், மலிவு. அந்தக் கம்பிச் சுருள்தான் இன்று பெரும்பாலான பேனாக்களுக்குள் இருக்கிறது.

அடுப்பங்கரையில் கண் எரிந்ததுண்டா?

வீட்டில் மீன் பொரிக்கும்போது சட்டியைக் கவனிக்காமல் விட்டால் எண்ணெய் கருகிப் புகைய ஆரம்பிக்கும். சுருக்கென்று ஒரு நெடி. கண் எரியும், தொண்டை கரகரக்கும், வரவேற்பறையில் இருப்பவரும் இருமுவார். "அடுப்பை அணை" என்று அம்மா கத்துவார்.

அந்த நெடிக்கு முக்கியக் காரணம் அக்ரோலின் என்ற ரசாயனம்.

அது எண்ணெய்க்குள் முதலிலிருந்தே இருந்ததல்ல. எண்ணெய், கொழுப்பு எதுவானாலும் அதன் முதுகெலும்பு கிளிசரின். அளவுக்கு மீறிச் சூடானால் கிளிசரின் பிரிந்து வரும். அதன் மூலக்கூறு இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளை இழக்கும்போது மிஞ்சுவது அக்ரோலின். முதல் உலகப் போரில் எதிரிகளின் கண்ணை எரிய வைப்பதற்காக இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால் அதன் குணம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

இப்போது திரும்ப அந்தப் பேனாவுக்கு வருவோம். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி கிளிசரின். பக்கத்தில் சூடாகும் கம்பி. வீட்டுச் சட்டியில் நடக்கும் அதே வேலை இங்கே சின்ன அளவில் நடக்கிறது. ஒரு வித்தியாசம்: சமையலறையில் சன்னலைத் திறந்துவிடுவீர்கள். இங்கே நேராக நுரையீரலுக்குள் இழுக்கிறீர்கள்.

அக்ரோலினோடு வேறு இரண்டும் உருவாகின்றன. ஒன்று ஃபார்மால்டிஹைட். உயிரியல் ஆய்வகத்தில் தவளையையும் பல்லியையும் போட்டு வைத்திருக்கும் போத்தல் ஞாபகம் இருக்கா? அந்த ஃபார்மலின் திரவம் இதைத் தண்ணீரில் கரைத்ததுதான். இன்னொன்று அசிட்டால்டிஹைட். மது அருந்தியவரின் உடலில் அந்த மது உடையும்போது வருவதும் இதே பொருள்தான்.

அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஃபார்மால்டிஹைடை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகச் சொல்லப்பட்ட பொருள். அக்ரோலின் "அநேகமாக உண்டாக்கும்" என்ற பிரிவில். அசிட்டால்டிஹைட் "உண்டாக்கக்கூடும்" என்ற பிரிவில்.

எவ்வளவு உருவாகிறது? அங்கேதான் சண்டை.

2015ல் அமெரிக்காவின் போர்ட்லந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மின்சிகரெட்டைக் குறைந்த மின்னழுத்தத்தில் (3.3 வோல்ட்) இயக்கியபோது ஃபார்மால்டிஹைட் சார்ந்த பொருள்கள் தென்படவில்லை. 5 வோல்ட்டுக்கு ஏற்றியபோது கணிசமாக வந்தது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. உடனே எதிர்ப்பும் வந்தது. "அவ்வளவு சூட்டில் இழுத்தால் கருகல் வாடை அடிக்கும். எந்த மனுஷனும் அப்படி இழுக்க மாட்டான்" என்றார்கள் மற்ற ஆய்வாளர்கள்.

அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. பஞ்சுத் திரி நனைந்திருக்கும்வரை திரவம் கம்பியின் சூட்டை இழுத்துக்கொள்ளும். திரி காய்ந்துபோனால்தான் கம்பி பல நூறு டிகிரிக்குத் தாவும். ஆனால் அந்தச் சோதனை சொல்லும் அடிப்படையான விஷயம் மாறவில்லை. ஒரே திரவம், ஒரே கருவி. பேட்டரி எவ்வளவு தள்ளுகிறது, திரி எவ்வளவு நனைந்திருக்கிறது, எவ்வளவு நேரம் இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வெளியே வருவது மாறுகிறது. தீர்ந்துபோகும் தறுவாயில் இருக்கும் மலிவான பாட் ஒன்றைக் கடைசிச் சொட்டுவரை இழுப்பவருக்குக் கிடைப்பது, காலையில் புதிதாகப் பிரித்தவருக்குக் கிடைத்தது அல்ல. கள்ளச்சந்தையில் வாங்கியதில் இதையெல்லாம் யாரும் சோதித்துப் பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

இனிப்பும் சும்மா இருப்பதில்லை. சர்க்கரைக்குப் பதில் போடும் சுக்ரலோஸ், சூடேறும்போது தானும் சிதைந்து, பக்கத்தில் இருக்கும் கிளைகோல், கிளிசரின் சிதைவதையும் வேகப்படுத்துகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "ஸ்வீட்டா இருக்கு" என்பதற்கு நாக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது, நுரையீரல் வேறு கணக்கு வைத்திருக்கிறது.

பட்டை பிரியாணிக்கு நல்லது, நுரையீரலுக்கு?

வாசனைப் பொருள்தான் இளையர்களை இழுக்கும் கொக்கி. மாம்பழம், லிச்சி, புதினா, வெனிலா. பலவும் சாப்பாட்டில் பாதுகாப்பானவை என்று ஏற்கப்பட்டவை.

வயிற்றுக்குள் போவதை அமிலம் உடைக்கும், கல்லீரல் வடிகட்டும். நுரையீரலுக்கு அந்த வசதி கிடையாது. உங்கள் இரண்டு நுரையீரல்களிலும் உள்ள காற்றுப்பைகளைப் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வரும். ஒரு பூப்பந்துத் தளத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அவ்வளவு பெரிய பரப்பு, அதுவும் காற்றும் ரத்தமும் மெல்லிய ஒரு சவ்வால் மட்டுமே பிரிக்கப்பட்ட பரப்பு. அதன் மேல் நீங்கள் எதைத் தெளித்தாலும் உடம்பு முழுக்கப் போய்ச் சேரும்.

பட்டைக்கு அந்த வாசம் தரும் சின்னமால்டிஹைடை எடுத்துக்கொள்ளுங்கள். பிரியாணியில் போட்டால் ஒன்றும் செய்யாது. ஆய்வகத்தில் சுவாசக்குழாய் உயிரணுக்கள் மீது பட்டபோது, தூசியை வெளியே தள்ளும் நுண்ணிய மயிர்களின் அசைவை அது குறைத்தது.

வெண்ணெய் வாசனை தரும் டைஅசிட்டைல் இன்னும் பிரபலம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு, நுரையீரலின் மிகச் சிறிய குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் அரிய நோய் இருப்பது தெரியவந்தது. வெண்ணெய் வாசனையை நாள் முழுக்க மூச்சில் இழுத்ததுதான் காரணம். அதனால் "பாப்கார்ன் நுரையீரல்" என்ற பெயர் வந்தது. பிறகு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 51 வகை மின்சிகரெட் வாசனைத் திரவங்களைச் சோதித்தார்கள். 39ல் டைஅசிட்டைல் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "வேப் பிடிச்சா பாப்கார்ன் நுரையீரல் வரும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் கொஞ்சம் ஓவர். தொழிலாளர்கள் இழுத்த அளவு மிக அதிகம். சாதாரண சிகரெட் புகையிலும் டைஅசிட்டைல் உண்டு, இதைவிடக் கூடுதலாகவே உண்டு. வேப் பழக்கம் மட்டுமே அந்த நோயைக் கொண்டுவந்தது என்று நிரூபிப்பது எளிதல்ல. பயமுறுத்துவதற்காக மிகைப்படுத்தினால், உண்மையைச் சொல்லும்போதும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எட்டுத் தொழிலாளர்களின் கதை காட்டுவது வேறு: வாயில் போட்டால் ஒன்றும் செய்யாத ஒரு வாசனை, மூச்சில் போனால் நுரையீரலை அடைக்க முடியும். அதை அந்தத் தொழிற்சாலை நடக்கும்வரை பெரும்பாலோர் யோசிக்கவில்லை.

சூடாக்கக்கூட வேண்டாம், சும்மா அலமாரியில் இருந்தாலே சில வாசனைகள் மாறுகின்றன. வெனிலின் போன்றவை புரொப்பிலீன் கிளைகோலோடு மெல்லச் சேர்ந்து அசிட்டால் எனப்படும் புதிய சேர்மங்களை உருவாக்குவதை யேல், டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ல் காட்டினார்கள். சுவாசக்குழாயில் எரிச்சலை உணரும் நரம்புகளை அவை தூண்டுகின்றன. அவற்றைத் தயாரித்தவர் போடவில்லை. எந்தப் பட்டியலிலும் பெயர் இருக்காது.

கம்பியும் கரையும்

இது பலருக்குத் தெரியாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பேரின் சொந்த மின்சிகரெட்டுகளை வாங்கிச் சோதித்து 2018ல் முடிவுகளை வெளியிட்டார்கள். போத்தலில் இருந்த திரவத்தில் உலோகம் மிகக் குறைவு. அதே திரவம் கம்பிச் சுருளைத் தொட்டு மூட்டமாக வெளியே வரும்போது ஈயம், நிக்கல், குரோமியம், மாங்கனீஸ் எல்லாம் கூடியிருந்தன. ஈயத்தின் அளவு போத்தலில் இருந்ததைப்போல் 25 மடங்குக்கு மேல்.

எங்கிருந்து வந்தது? கம்பியிலிருந்தும் பற்றவைத்த இணைப்புகளிலிருந்தும்தான். நிக்கல், குரோமியம் கலந்த கம்பிகள் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. ஈயம் மூளைக்கும் நரம்புக்கும் கெடுதல். வளரும் வயதில் இன்னும் கூடுதல்.

நிக்கோட்டின் ஏன் இவ்வளவு "ஸ்மூத்"?

முன்பெல்லாம் முதல் சிகரெட் பிடித்தவர் இருமித் தீர்த்துவிடுவார். அந்த இருமல் ஒருவகையில் பாதுகாப்பு. பலர் அதோடு விட்டுவிட்டார்கள். நவீன பாட்களில் நிக்கோட்டினோடு பென்சோயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து நிக்கோட்டின் உப்பாக மாற்றுகிறார்கள். காரத்தன்மை குறையும், தொண்டை எரியாது. அதனால் நிறைய நிக்கோட்டினைத் திணிக்கலாம், இழுப்பவருக்குத் தெரியாது.

பெட்டியில் 5 விழுக்காடு என்று போட்டிருந்தால் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்சவரம்பு 20 மில்லிகிராம். அப்படியானால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூளை சுமார் 25 வயதுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. கவனம், கற்றல், ஆசையைக் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பகுதிதான் கடைசியாக முதிர்கிறது. நிக்கோட்டின் போய் உட்காரும் இடமும் அங்கேதான். "எனக்கு அடிக்‌ஷன்லாம் இல்ல" என்று சொல்லும் நண்பர், இரண்டு மணி நேரத் தேர்வு முடிந்ததும் முதலில் எங்கே ஓடுகிறார் என்று பாருங்கள்.

2019: சூட்டில் மாறியதா ஒரு வைட்டமின்?

2019ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு ஒரு விசித்திரமான பிரச்சினை வந்தது. நல்ல ஆரோக்கியமான இளையர்கள் மூச்சுத் திணறலோடு வந்து சேர்ந்தார்கள். காய்ச்சல், இருமல், வாந்தி. படம் எடுத்துப் பார்த்தால் நிமோனியா போல இருக்கும், ஆனால் கிருமி கிடைக்காது. எல்லாரிடமும் பொதுவாக இருந்தது வேப் பழக்கம்.

2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள் அல்லது இறந்திருந்தார்கள். மாண்டவர்கள் 68 பேர்.

நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தைச் சோதித்தார்கள். 51 பேரில் 48 பேரிடம் வைட்டமின் இ அசிட்டேட் இருந்தது. ஆரோக்கியமானவர்களிடம் அது இல்லை. கள்ளச்சந்தையில் கஞ்சா எண்ணெயின் அளவைக் கூட்டிக் காட்டுவதற்காக அதைக் கலந்திருந்தார்கள். நிறம் ஒன்றுபோல், கெட்டித்தன்மையும் ஒன்றுபோல்.

வைட்டமின் இ அசிட்டேட்டை நீங்கள் மாத்திரையாக விழுங்கலாம், சருமக் களிம்பாகப் பூசலாம். ஒன்றும் ஆகாது. ஆனால் மின்சிகரெட்டில் சூடேற்றினால் அதிலிருந்து கீட்டீன் என்ற கடுமையான நச்சு வாயு பிறக்க முடியும் என்று அயர்லந்து ஆய்வாளர்கள் 2020ல் காட்டினார்கள். நோயாளிகளின் நுரையீரலைக் கெடுத்ததில் அதற்கு எவ்வளவு பங்கு, அந்த எண்ணெயே படிந்ததற்கு எவ்வளவு பங்கு என்பதில் கருத்துகள் வேறுபடுகின்றன. இறந்த 68 பேருக்கு அந்த வேறுபாடு எதையும் மாற்றப்போவதில்லை.

இது நிக்கோட்டின் வேப் கதை இல்லையே, கஞ்சா கலந்தது அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. அவர்களில் பலர் தாங்கள் இழுத்ததில் என்ன இருந்தது என்று தெரியாமலே இழுத்தார்கள். அதே நிலைமைதான் இப்போது நம் வீட்டு வாசலில்.

கே-பாட்: மயக்க மருந்து பேனாவுக்குள் வந்த கதை

எட்டோமிடேட் என்பது அறுவைச் சிகிச்சைக்கு முன் ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மயக்க மருந்து. பக்கத்தில் மருத்துவர், கையில் சுவாசக் கருவி, திரையில் இதயத் துடிப்பு. அதன் இடம் அதுதான். கே-பாட் என்று விற்கப்படும் பாட்களில் அதைக் கலந்து விற்கிறார்கள்.

2025 ஜூலையில் சுகாதார அமைச்சர் ஓங் யி காங் வெளியிட்ட தகவல் பலரைத் திடுக்கிட வைத்தது. பறிமுதல் செய்த 100க்கும் மேற்பட்ட மின்சிகரெட்டுகளைச் சோதித்தபோது, மூன்றில் ஒன்றில் எட்டோமிடேட் இருந்தது. தடுமாறி நடப்பவர்கள், கை கால் நடுங்குபவர்கள், நின்ற இடத்திலேயே உறைந்துபோனவர்கள் என்று சமூக ஊடகத்தில் காணொளிகள் சுற்றியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிரித்துவிட்டுக் கடந்துபோகிற காணொளி அல்ல அது. வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம், மூச்சு தடைபடலாம்.

காணொளியில் தெரியாத ஒரு சேதமும் உண்டு. சிறுநீரகத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கும். காய்ச்சல், காயம், மன அழுத்தம் எது வந்தாலும் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது அது. எட்டோமிடேட் அந்த உற்பத்தியை அடைத்துவிடும். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1983ல் ஸ்காட்லந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்த மருந்தைத் தொடர்ந்து செலுத்திய நோயாளிகளிடையே இறப்பு கூடியிருப்பதைக் கவனித்து எச்சரித்தார்கள். அதன்பிறகு மருத்துவர்களே அதை நாள்கணக்கில் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மருத்துவமனையில் ஒரு தடவை கொடுக்கவே யோசிக்கிற மருந்தை, இங்கே ஒருவர் நாளுக்குப் பலமுறை அளவே தெரியாமல் இழுக்கிறார்.

அந்த 2025ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் இதைப் போதைப்பொருள் விவகாரமாகவே கையாளப்போவதாகச் சொன்னார். செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் 'சி' பிரிவுப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. சாதாரண மின்சிகரெட்டோடு முதல்முறை பிடிபடுவோருக்கான அபராதம் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 500 வெள்ளி, பெரியவர்களுக்கு 700 வெள்ளி என்று அப்போது அறிவிக்கப்பட்டது. எட்டோமிடேட் இருந்தால் மறுவாழ்வுத் திட்டமும் கட்டாயம். அதைக் கடத்தி வருபவர்களுக்கு 20 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும். மின்சிகரெட் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 பிப்ரவரி 1லிருந்தே இங்கே குற்றம். மலேசியாவில் நிலைமை வேறு. 2024 அக்டோபர் 1 முதல் அங்கு நடப்பில் உள்ள சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதைத்தான் தடுக்கிறது. மாநிலங்கள் சில தனியாக விற்பனையைத் தடை செய்திருக்கின்றன. ஜோகூரில் நண்பர் கையில் பார்த்ததை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கொண்டுவந்தால் கதை மாறிவிடும்.

"பிரிட்டன்ல டாக்டரே தர்றாங்களாமே?"

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. உண்மைதான். பிரிட்டனில் புகைப்பிடிப்பவர்கள் சிகரெட்டை விட மின்சிகரெட்டைப் பயன்படுத்தலாம் என்று பொதுச் சுகாதாரத் துறையே சொல்கிறது. "95 விழுக்காடு குறைவான தீங்கு" என்ற எண்ணும் 2015ல் அங்கிருந்துதான் பிரபலமானது.

அந்த எண் எப்படி வந்தது தெரியுமா? யாரும் ஆய்வகத்தில் அளந்ததல்ல. நிபுணர்கள் சிலர் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளுக்கும் மதிப்பெண் போட்டு எடுத்த மதிப்பீடு, 2014ல் வெளியானது. அன்றைய கருவிகளை வைத்துச் சொன்னது.

ஆனாலும் அதன் திசை தவறில்லை. 2018ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 800க்கும் அதிகமான ஆய்வுகளைப் பார்த்துவிட்டு இரண்டையும் சேர்த்தே சொன்னது. மின்சிகரெட் நச்சுப் பொருள்களை வெளியிடுகிறது என்பதில் சந்தேகமில்லை. நிக்கோட்டினைத் தவிர மற்றவற்றின் அளவு சிகரெட்டைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைவு என்பதற்கும் வலுவான ஆதாரம் இருக்கிறது. சிகரெட் எரியும்போது 7,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் வருகின்றன. அதைவிடக் குறைவாக இருப்பது பெரிய சாதனை இல்லை.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் விஷயம். 30 வருஷமாக நாளுக்கு ஒரு பாக்கெட் பிடிக்கும் மாமாவுக்கு அந்த ஒப்பீடு பொருந்தலாம். நீங்கள் சிகரெட்டே தொடாதவர் என்றால், நீங்கள் ஒப்பிட வேண்டியது சிகரெட் புகையோடு அல்ல, சாதாரணக் காற்றோடு. அதே பிரிட்டன் இளையர்களும் புகைக்காதவர்களும் மின்சிகரெட்டைத் தொடக்கூடாது என்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் வகைகளை 2025 ஜூன் 1 முதல் தடையும் செய்துவிட்டது. டிக்டாக்கில் அந்தப் பாதியைச் சொல்ல மாட்டார்கள்.

காலக்கணக்கையும் பாருங்கள். இயந்திரத்தில் சுற்றிய சிகரெட் 1880களில் வந்தது. நுரையீரல் புற்றுநோயோடு அதன் தொடர்பைத் தெளிவாகக் காட்டும் பெரிய ஆய்வுகள் 1950ல்தான் வெளியாயின. இடையில் 70 ஆண்டுகள். மின்சிகரெட்டுக்கு இப்போதுதான் இருபது வயது கடந்திருக்கிறது.

ஏற்கெனவே இழுத்தாச்சு, இப்ப என்ன?

ஒன்றிரண்டு முறை இழுத்தவரோ, விட முடியாமல் இருப்பவரோ, யாராக இருந்தாலும் சில விஷயங்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விடாத இருமல், காய்ச்சலோடு வாந்தி வந்தால் மருத்துவரிடம் போங்கள். போகும்போது வேப் பழக்கத்தை மறைக்காதீங்க. அமெரிக்காவில் பல நோயாளிகள் சொல்லாமல் விட்டதால் நிமோனியா என்று நினைத்து மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அம்மா அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

நண்பர் ஒருவர் இழுத்தபின் மயங்கி விழுந்தாலோ வலிப்பு வந்தாலோ 995க்கு அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி தொண்டையில் அடைக்காமல் இருக்கும். அந்தக் கருவியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உள்ளே என்ன இருந்தது என்று மருத்துவர்கள் தெரிந்துகொள்ள அது உதவும். மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து அவரை அங்கேயே விட்டுப் போவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான முடிவு.

விட நினைக்கிறீர்களா? முதல் சில நாள் எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறல் எல்லாம் வரும். நிக்கோட்டின் உடம்பை விட்டுப் போகும்போது அப்படித்தான் இருக்கும். முதல் வாரம்தான் கடினம், பிறகு மெல்லக் குறையும். புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் குவிட்லைன் எண் 1800 438 2000. தாமாக முன்வந்து உதவி கேட்பவர்கள்மீது அதற்காக வழக்கு போடப்படாது என்று அதிகாரிகள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். கையில் இருப்பதைச் சமூக மன்றங்களிலும் உயர்கல்வி நிலையங்களிலும் வைத்திருக்கும் பெட்டிகளில் போட்டுவிடலாம். பெயர் கேட்க மாட்டார்கள்.